அக்காவின் முன்னாள் கணவர் பொருத்திய கிளட்ச்

அந்தக் காரை நான் வாங்கியிருக்கவே கூடாது என்று அக்கா சொன்னாள். அறுபதுகளில் கப்பலில் வந்த வெளிநாட்டுக் கார். மும்பை தாதரில் ஒரு பார்சி அம்மாள் வைத்திருந்தது. ஆட்டோமேட்டிக் கியர் என்பதால் காலுக்கு ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் மட்டும்தான். வாங்கிய நான்காவது மாதம் மாட்டுங்கா மார்க்கெட் எதிரில் கியர்பாக்ஸ் எண்ணெயைக் கக்கிவிட்டு நின்றது. எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. மூன்று ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அந்த கியர்பாக்ஸுக்குப் பாகம் கிடைக்காது, எடுத்துவிட்டு கையால் போடும் கியரும் கிளட்சும் வைத்தால்தான் வண்டி ஓடும், அதைச் செய்ய எங்களால் ஆகாது என்றார்கள். மூன்றாவது ஆள் மட்டும், தாராவியில் ஒருவர் இதே மாதிரி இரண்டு வண்டிக்குச் செய்திருக்கிறார் என்று சந்தின் பெயரோடு சொன்னார். அந்தச் சந்தில் இருப்பது என் அக்காவின் முன்னாள் கணவருடைய ஒர்க்‌ஷாப்.

அவர்கள் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது. அடிதடி எதுவும் இல்லை. ஒரே வீட்டில் பேச்சே இல்லாமல் இரண்டு பேர் எத்தனை நாள் இருக்க முடியும்? அக்கா செம்பூரில் எங்களோடு வந்துவிட்டாள், ஐரோலியில் வேலைக்குப் போகிறாள். பாந்த்ரா கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்று நான்தான் வராந்தாவில் அவரை வழிமறித்து, இனிமேல் எங்களுக்கும் உங்களுக்கும் ஒன்றும் கிடையாது, ரோட்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் பதில் சொல்லாமல் படியிறங்கிப் போனார். பதினொரு வருடம் நான் அத்தான் என்று கூப்பிட்ட மனிதர்.

அக்காவிடம் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை போனேன். அவர் ஒரு டாக்ஸியின் அடியிலிருந்து வெளியே வந்தார். தலை நரைத்திருந்தது. என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் நான் ஹிந்தியில் ஆரம்பித்தேன். ஹிந்தியில் நீங்கள் என்பதற்கு ‘ஆப்’ என்று சொல்லிவிட்டால் போதும், எந்த உறவையும் இழுக்க வேண்டாம். அவரும் ஹிந்தியிலேயே பதில் சொன்னார். வண்டியைக் கட்டி இழுத்து வரச் சொன்னார். குர்லா பழைய சாமான் கடைகளில் தேட வேண்டியதை எழுதித் தந்தார்: அதே எஞ்சினுக்கு வந்த நான்கு கியர் பெட்டி, ஃப்ளைவீல், கிளட்ச் பெடல். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் இரண்டு பேர், தாராவியில் நின்றுகொண்டு, பத்து நாள் ஹிந்தி பேசினோம்.

எல்லாம் கிடைத்தது. லீவு போட்டுவிட்டுக் கூடவே நின்றேன். கியர்பாக்ஸை ஏற்றும் அன்று அவருடைய ஆள் வரவில்லை. தனியாக ஏற்ற முடியாது. நான் சட்டையைக் கழற்றிவிட்டு அவருக்குப் பக்கத்தில் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தேன். கிளட்ச் பிளேட்டை முன்பே எஞ்சினின் பின்பக்கம் சரியாக நடுவில் வரும்படி மாட்டியிருந்தார். ஜாக்கியின் மேல் பலகை, பலகையின் மேல் கியர்பாக்ஸ். அதிலிருந்து நீளும் ஷாஃப்ட் பிளேட்டின் பற்களுக்குள் நுழைந்து, அதன் முனை எஞ்சினின் பின்னால் உள்ள ஒரு துளைக்குள் போய் உட்கார வேண்டும். நுழைந்தது, ஆனால் ஒரு விரல்கடை மிச்சம் வைத்து நின்றுவிட்டது. ஆட்டினோம், திருப்பினோம், தூக்கினோம். அசையவில்லை. போல்ட்டைப் போட்டு முறுக்கினால் ஏறாதா என்று கேட்டேன். ஏறும், ஆனால் கியர்பாக்ஸின் கூடு விரிசல் விட்டுவிடும் என்றார். இறக்கிப் பார்த்துவிடலாம் என்றார்.

இறக்கும்போது பலகை சரிந்தது. கியர்பாக்ஸ் என் பக்கம் தூக்கி அவர் பக்கம் சாய்ந்தது. அவருடைய இடது கை அதன் அடியில் இருந்தது.

“அத்தான், கைய எடுங்க” என்று கத்திவிட்டேன்.

கையை இழுத்துக்கொண்டார். பெட்டி, அவர் முன்னெச்சரிக்கையாகப் போட்டு வைத்திருந்த பழைய டயரின் மேல் விழுந்து நின்றது. பிறகு அவர் தமிழில் கேட்டார்.

“மாப்ள, ஒனக்கு அடி படலைல்லா?”

எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அவருக்கும் ஒரு விரலில் தோல் உரிந்ததோடு சரி. வெளியே வந்திருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன். அங்கே முகம் தெரியவில்லை, வண்டியின் அடித்தகடுதான் தெரிந்தது. அன்று கோர்ட்டில் பேசியதற்காக என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

“நீ பேசுனதுல தப்பில்ல. அக்காவுக்குத் தம்பி பேசாம வேற யாரு பேசுவா? நான்தான் ஒரு வார்த்த பதில் பேசியிருக்கணும். வீட்டுலயும் அப்படித்தான் வாய மூடிக்கிட்டே இருந்துட்டேன்” என்றார்.

பிறகு என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, எஞ்சினின் அந்தத் துளையைப் பார்த்தார். ஆட்டோமேட்டிக்குக்காகச் செய்த எஞ்சினில் அந்தத் துளையின் அளவே வேறாக இருந்தது. மறுநாள் பக்கத்துச் சந்தில் லேத் வைத்திருப்பவரிடம் அளவு கொடுத்து, துளையைச் சரிசெய்யக் கருவியும் அதற்குள் பொருத்தப் பித்தளையில் புஷ் என்ற சிறு வளையமும் வாங்கி வந்தார். அடுத்த நாள் துளையைச் சீராக்கி, புஷ்ஷை அடித்து இறக்கிவிட்டு, கியர்பாக்ஸை மறுபடி ஏற்றினோம். அந்த விரல்கடையும் போய், சத்தமே இல்லாமல் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. என் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போல் இருந்தது. சாய்ந்து படுத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பிறகு கிளட்சுக்கு எண்ணெய் போகும் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றும் வேலை. நான் சீட்டில், அவர் அடியில். மிதி, பிடி, விடு என்று ஒரு மணி நேரம் போனது. முதலில் கஞ்சியை மிதிப்பது போலிருந்த பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் காலை நன்றாகத் திருப்பித் தள்ளியது. சந்து முனை வரை ஓட்டிப் போய் வந்தேன். முதல் கியர், இரண்டாவது, ரிவர்ஸ். ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை.

ஒரு பயம் மிச்சமிருந்தது. வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“எனக்குத் தெரியும். நீ போன அன்னைக்கே போன் பண்ணி, ஒன் தம்பி வந்திருக்கான், வண்டிய எடுக்கவா வேண்டாமான்னு கேட்டாரு. எடுங்கன்னு சொன்னேன்.”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ ஏன் சொல்லல?” என்றாள். பிறகு, அவரைக் கட்டிக்கொண்டு இருக்கத்தான் தன்னால் முடியவில்லை, வண்டி வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது என்றாள். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. இத்தனை நாளாக எண்ணெய்ச் சட்டையை அவளுக்குத் தெரியாமல் துவைத்துக்கொண்டிருந்த என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு மாட்டுங்காவுக்கு டிபன் சாப்பிடப் புறப்பட்டேன். வழியில் மேம்பாலத்து ஏற்றத்தில் போக்குவரத்து நின்றது. பிரேக்கை விட்டுவிட்டு, பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடித்தேன். ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் அப்படியே நின்றது. முன்னால் வண்டிகள் நகர்ந்ததைக்கூடப் பார்க்காமல் நான் அதை ரசித்துக்கொண்டே இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

“போதும், கால எடு. பின்னால பஸ்காரன் ஹாரன் அடிக்கான்” என்றாள் அக்கா.