பேர் வெட்டிய வாளி

அரசு மாணவர் விடுதிகளுக்குப் பித்தளைச் சாம்பார் வாளிகள் தேவை என்ற அறிவிப்பை வாசகசாலையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். பதிவு பெற்ற சிறுதொழில் பட்டறைகள் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. பழைய டெண்டர் கெடுபிடிகள் கிடையாது. விலையும் ஒரு மாதிரி வாளியும் கொடுத்தால் போதும். சைக்கிளை நேரே அத்தானின் பட்டறைக்கு விட்டேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். காரைக்குடியில் பித்தளைப் பட்டறை வைத்திருந்தார். கல்யாண வீடுகள் எவர்சில்வருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. மதுரைப் பாத்திரக்கடை ஒன்றில் விற்பனையாளராக வரச் சொல்லி அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இவுக அங்க போனா பட்டறைய மூட வேண்டியதுதான்டா" என்று அக்கா என்னிடம் கிசுகிசுத்தாள். "நீ படிச்சவன். ஏதாவது பண்ணு."

பதிவுச் சான்றிதழை முந்திய வருடமே நான் அலைந்து வாங்கியிருந்தேன். அதனால், இது நமக்கென்றே போட்ட சட்டம் என்று சொல்லி, விதிகளை அத்தானுக்கு உற்சாகமாகப் படித்துக் காட்டினேன். மாதிரியில் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது, யாருடையது என்று தெரியாமல்தான் பார்ப்பார்கள் என்பதையும் சொன்னேன். தலையாட்டினார்.

எங்கள் மாவட்டத்து அலுவலகங்கள் பலவும் அப்போது மதுரையிலேயே இருந்தன. துணி சுற்றிய வாளியைப் பஸ்ஸில் அத்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ் நின்ற இடத்திலெல்லாம் பையைத் திறந்து சான்றிதழைத் தொட்டுப் பார்த்தேன். அலுவலக வராந்தாவில் உட்கார்ந்ததும் வாளியையும் ஒரு தரம் பார்த்துவிடலாமே என்று துணியை விலக்கினேன்.

விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, அழகான எழுத்தில் 'மாணவர் விடுதி' என்று வெட்டியிருந்தது.

"என்ன அத்தான் இது? அடையாளம் இருக்கக் கூடாதுன்னு படிச்சனே!"

"அடையாளம்னா நம்ம பட்டறை முத்திரை. அத வைக்கலியே மாப்ளே. இது வாங்குறவுக பேரு. நம்ம ஊர்ல பேரு வெட்டாம ஒரு கரண்டியக் குடுத்திருக்கமா? மூளியாவா கொண்டாந்து நீட்டுறது?"

பக்கத்தில் தன் வாளியோடு உட்கார்ந்திருந்த மதுரைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன, பொண்ணுக்குச் சீர் கொண்டாந்திருக்கீகளா?"

"மாப்பிள்ளை வீடு நீங்கதான்னு தெரியாமப் போச்சே" என்றார் அத்தான். ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

உள்ளே போய் குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் நிமிரவேயில்லை. "எழுத்து இருந்தா எடுத்துக்க மாட்டோம் தம்பி. சாப்பாட்டு மணிக்கு முன்னால எப்படியும் குடுத்துடுங்க."

தெருமுனையில் பூட்டுச் சாவி ரிப்பேர் செய்பவரிடம் அரம் இரவல் வாங்கி, அத்தான் சாக்கடை ஓரமாகக் குந்தி ராவ ஆரம்பித்தார். தகடு ஏற்கனவே மெல்லியது. ஒவ்வொரு இழுப்புக்கும் எனக்குப் பல் கூசியது. "ஆழமாப் போயிராம அத்தான்." "பேசாம இருடா." கடைசி எழுத்து மறைந்தபோது அந்த இடம் மட்டும் பள்ளமாகப் பளபளத்தது. டீக்கடையில் சாம்பல் வாங்கி வாளி முழுவதையும் தேய்த்தோம். பளபளப்பு ஒன்றுபோல ஆனது, பள்ளம் மறையவில்லை. விரலால் தடவினால் தெரிந்தது.

குமாஸ்தா தடவிப் பார்க்கவில்லை. எண் எழுதிய சீட்டை ஒட்டி, மற்ற வாளிகளோடு வைத்துக்கொண்டார். முடிவு தபாலில் வரும் என்றார்.

திரும்பும் வழியில் அந்தப் பாத்திரக்கடை வாசலில் அத்தான் நின்றார். "இங்கனயே இரு" என்று உள்ளே போனார். நான் நடைபாதையில் கால் மாற்றி மாற்றி நின்றேன். வேலையை ஒத்துக்கொண்டுவிடுவார் என்று பயந்தேன். வேண்டாம் என்றுவிடுவாரோ என்றும் பயந்தேன்.

வெளியே வந்தார். "வரலேன்னு சொல்லிட்டேன்."

"முடிவு தெரியாமயா? ரெண்டு நாள் தவணை கேட்டிருக்கலாம்ல அத்தான்?"

"நீதானடா சொன்ன, இது நமக்குன்னே போட்ட சட்டம்னு."

பஸ்ஸில் அவர் அசந்து தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் நான் பட்டறைக்கு ஓடினேன். ஒரு நாள் கார்டு வந்தது. தகட்டின் கனம் சீராக இல்லாததால் மாதிரி ஏற்கப்படவில்லை. நான் படிக்கப் படிக்க, அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தான் கத்தவில்லை. உலைக்குக் கரி அள்ளிப் போட்டுவிட்டு, "அடுத்து எப்ப கேப்பாக?" என்றார்.

அந்த அறிவிப்பு முழுவதும் எனக்கு மனப்பாடம். இதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

"கேப்பாக அத்தான்" என்றேன். அக்காவின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.