சாக்கும் ஈரமும் கழித்த எடை

எடையைக் குறைக்கச் சொல்வது ஒரு நிமிஷ வேலை. அது குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வைத்தியம். மூன்று வேளையும் அரிசி தின்னும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீடியோ வந்த விதம்

கோவிந்தராசு மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். அறுபது வயது, சொந்த நிலம், இரண்டு முட்டியும் தேய்மானம். எடை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று தஞ்சாவூர் எலும்பு டாக்டர் சொல்லி, எடை குறைக்க என்னிடம் அனுப்பிவிட்டார். நடக்க முடியாதவரை எடை பார்ப்பதற்காக மாதாமாதம் பஸ் ஏறி வரச் சொல்வது எனக்கே உறுத்தியது. மஸ்கட்டிலிருந்து அவர் மகன் செல்போன் வாங்கி அனுப்பினான். வீடியோவில் பார்க்க ஆரம்பித்தேன்.

முதல் நாள் அவர் நெற்றியும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. போனைக் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். பின்னாலிருந்து அவர் மனைவி குரல் வந்தது: "இறக்கினா வாயில முறுக்கு இருக்கிறது தெரிஞ்சிடும், டாக்டர்."

நல்ல செய்தி

அதன்பின் மாதாமாதம் எடை இறங்கியது. நெல் மூட்டை போடும் தராசில் ஏறிப் பார்த்துச் சொல்வார். ஐப்பசியில் நன்றாகவே இறங்கியது. ஆபரேஷனுக்குக் கடிதம் தருகிறேன், ஒருமுறை நேரில் வந்து போங்கள் என்றேன்.

வந்தார். என் தராசில் பழைய எடை, கொஞ்சமும் குறையாமல். நான் தராசைத் தட்டிப் பார்த்தேன். விசாரித்தால், கொள்முதல் நிலையத்தில் நெல் எடையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பதுபோல் அவர் தனக்கும் கழித்திருக்கிறார்: வேட்டி சட்டை சாக்குக் கணக்கு, குடித்த தண்ணீர் ஈரக் கணக்கு. மாதாமாதம் கழிவு ஏன் கூடியது என்று கேட்டேன். "மழை பிடிச்சா ஈரத்துக்குக் கூடத்தாங்களே கழிப்பாங்க."

நேரில்

"அப்ப இந்த வருஷம் முட்டி இல்லைங்களா?" என்றார். ஆறு மாதமும் அவர் சொன்ன எண்ணை நம்பினேனா, நம்ப விரும்பினேனா? சமாதானம் சொல்ல எழுந்து மேசையைச் சுற்றி அவர் பக்கம் போனேன். அவர் என் இடுப்பைப் பார்த்தார். ஆறு மாதமாக நானும் அவருக்கு நெஞ்சு வரைக்கும்தான் தெரிந்திருக்கிறேன்.

"நீங்களும் ஒருதடவை ஏறுங்க" என்றார். மறுக்க நியாயம் இல்லை. ஏறினேன். குனிந்து எண்ணைப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்கு எவ்வளவு கழிக்கலாம், டாக்டர்?"

இப்போது மாதம் ஒருதடவை அவர் ஆட்டோவில் வந்துவிடுகிறார், இருவரும் கழிவில்லாமல் ஏறி இறங்குகிறோம். முட்டி ஆபரேஷன் யாருக்கு முதலில் என்பதுதான் பாக்கி.