நாச்சம்மாள் கூப்பிட்ட இருபத்து மூன்று பேர்

பாலாம்பாள் டீச்சருக்கு ரிஜிஸ்தர் என்றால் உயிர். மைசூர் மண்டி மொஹல்லாவில் இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாகச் சேர்க்கைப் புத்தகம் அவர் கையில்தான். பழைய பள்ளியின் சர்டிபிகேட் இல்லாமல் ஒரு பெயரைக்கூட அதில் ஏற்றியதில்லை. சொந்த நாத்தனார் பிள்ளையையே வாசலோடு திருப்பி அனுப்பிய புண்ணியவதி. நாத்தனார் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். டீச்சர் அதை ஒரு நஷ்டமாக நினைக்கவில்லை.

நாற்பத்திரண்டு ஜூனில் பள்ளி திறந்த அன்று, ரங்கூனிலிருந்து தப்பி வந்த ஐந்து பிள்ளைகளோடு மாதப்பன் வந்து நின்றார். ராமாபுரத்துக்காரர், ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் காடும் மலையுமாக நடந்து உயிர் பிழைத்தவர்கள், இப்போது ரயிலடிச் சத்திரத்தில் இருந்தார்கள். ஐந்து பேரும் அங்கே ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவர்களில் மாதப்பன் மகள் நாச்சம்மாளுக்குப் பதினோரு வயது. ஐந்தாம் வகுப்பு என்றாள். சர்டிபிகேட் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூடமே இப்போது இல்லை.

"காகிதம் இல்லேன்னா ஒண்ணாங் கிளாஸ்தான் டீச்சர்" என்றார் ஹெட்மாஸ்டர் வைத்யநாதன். நல்ல மனிதர்தான், சட்டம் பேசுகிற நல்ல மனிதர்.

"சின்னக் கொழந்தைகளோட போய் உக்காரோணுங்களா? அப்ப படிப்பு வேண்டாமுங்க. எங்கயாச்சும் வேலைக்கு அனுப்பிக்கறேன்." மாதப்பன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"செத்த இருங்கோ" என்றார் டீச்சர். பொய் சொல்கிறவர்களை ரிஜிஸ்தர் காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. "உங்க பள்ளிக்கூடத்துல யார் யார், என்ன கிளாஸ்? சொல்லுடி பாப்போம்."

நாச்சம்மாள் கையைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணு. ஜடையன். அப்பா பேரு தொட்டையன். மூணாங் கிளாஸ்."

சற்று நிறுத்தினாள். பிறகு இரண்டு. மறுபடி நிறுத்தினாள். ஆறாவது பெயருக்கு, பின்னால் நின்ற சிறுமி தன்னையறியாமல் "ஆஜர்" என்றாள். அதன்பின் இன்னும் மூன்று பெயர்களுக்குப் பதில் வந்தது. பத்தொன்பதாவது தன் பெயர்; அதற்கு அவளே ஆஜர் சொன்னாள். மற்றவற்றுக்குப் பதில் இல்லை, ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தாள். இருபத்து மூன்றில் முடித்தாள்.

டீச்சர் எண்ணை மாற்றி மாற்றிக் கேட்டார். மற்ற நாலு பேரையும் தனித்தனியாக வெளியே அழைத்துப் போய் விசாரித்தார். ஒரு தகப்பன் பெயர்கூடப் பிசகவில்லை.

"யாருடி உனக்கு இதச் சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லீங்க டீச்சர். நடந்து வர்றப்ப வாத்தியாருதான் ரிஜிஸ்தரப் பாத்துக் கூப்புடுவாருங்க. அவரு காச்சல்ல போயிட்டாரு. ரிஜிஸ்தரு ஆத்தோட போயிருச்சு. அப்புறம் தங்கற எடத்துலயெல்லாம் நானே கூப்புட்டனுங்க. ஆரு பின்னால நின்னுட்டாங்கன்னு தெரியோணுமில்லீங்க."

பத்தொன்பது வருஷமாகத் தான் வெறும் குமாஸ்தா வேலைதான் பார்த்திருக்கிறோம் என்று டீச்சருக்குத் தோன்றியது. இந்தக் குழந்தை அத்தனை மலையையும் ஒரு ரிஜிஸ்தரோடு தாண்டி வந்திருக்கிறது.

ஐந்து பேரையும் அவரவர் வகுப்பிலேயே சேர்த்தார். சர்டிபிகேட் எண் எழுத வேண்டிய இடத்தில் 'நாச்சம்மாள் சொன்னபடி' என்று எழுதினார். ஹெட்மாஸ்டர் டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"மத்தவங்க பேருங்க டீச்சர்?" என்றாள் நாச்சம்மாள்.

"வரட்டும், எழுதறேன்."

"இப்ப எழுதலீன்னா, வந்தாங்கன்னா அவங்களையும் திருப்பித்தானுங்க அனுப்புவீங்க?"

டீச்சர் புது வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்து இருபத்து மூன்று பெயரையும் எழுதினார். மறுநாளிலிருந்து பிரேயர் முடிந்ததும் அதைக் கூப்பிடுவது நாச்சம்மாளின் வேலையாயிற்று.

இரண்டு வாரம் கழித்து ஹெட்மாஸ்டர் மெதுவாக ஆரம்பித்தார். "பத்து நாள் வராதவா பேர அடிக்கணும். ரூலே உங்ககிட்டதானே கத்துண்டேன். இதெல்லாம் எப்போ அடிக்கறதா உத்தேசம்?"

வராந்தாவில் நாச்சம்மாள் பதினான்காவது பெயரைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தாள்.

"அவ காத்துண்டிருக்கறத நிறுத்தட்டும் சார்" என்றார் டீச்சர். "அப்புறம் அடிக்கறேன்."