சேலத்துத் துணியைத் தடுத்த மறியல்

மனைவி ஃபேஸ்புக்கில் இல்லாத தைரியத்தில் எழுதுகிறேன்.

“இந்தப் பொங்கலுக்குத் துணி சேலத்துலதான்” என்று மச்சான் முன்னால் பீற்றிக்கொண்டேன். போனஸ் முழுக்க வெள்ளையடிப்பிலேயே கரைந்துபோனதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று காலை கள்ளக்குறிச்சியில் மனைவியோடு சேலம் பஸ் ஏறியதிலிருந்தே பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னசேலத்தில் இடஒதுக்கீட்டு மறியல். பஸ் நகரவே இல்லை!

“எவ்ளோ நேரம் குந்திக்கினு இருக்கிறது? இங்கியே எடுத்துக்கினு போலாங்க. சேலத்துல வெலையும் ஜாஸ்தி” என்றாள் மனைவி.

துள்ளிக் குதிக்காமலிருக்க சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முகத்தைத் தொங்கப்போட்டு, “உன் இஷ்டம்” என்றேன்.

வீட்டில் நாலு பேருக்கும் அருமையான துணி, கையிலிருந்த காசுக்குள்ளேயே!

திரும்பும்போது மறியலில் உட்கார்ந்திருந்த ஒருவர், “உங்களுக்கும் செரமந்தாண்ணா, மன்னிச்சுக்கங்க” என்றார்.

“பரவால்ல தம்பி” என்றேன்.

“தீபாவளிக்கும் ஒரு நாள் உக்காருங்க” என்பதை மட்டும் சொல்லவில்லை.