காப்புரிமையில் மலை இல்லை

இந்தப் பின்லாந்து ஊரில், பேருந்தில் இருவர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அடுத்தவர் நின்றுகொண்டே வருகிறார். பௌர்ணமிக்கு வெறுங்காலோடு, தோளோடு தோள் உரசி அண்ணாமலையைச் சுற்றி வளர்ந்த எனக்கு, வந்து இத்தனை வருஷமாகியும் அது பழகவில்லை. கல்லூரி வாசல் மிதிக்காமல் செல்போன் டவர் ஏறியே தொழில் கற்றவன் நான். இங்கே ஆண்டெனா ஆய்வகத்தில் வேலை. பீம்ஃபார்மிங் என்றால் வேறொன்றுமில்லை. அலையைக் குண்டு பல்பு மாதிரி எங்கும் இறைக்காமல், டார்ச் அடிப்பதுபோல் போன் இருக்கும் பக்கம் குவிப்பது. கிரிவலக் கூட்டம் எப்போதும் ஒரே திசையில்தானே போகும், அடுத்து வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே குவித்தால் என்ன என்றேன். காப்புரிமைக்கு எழுதலாம் என்றார்கள்.

வக்கீல் கேட்டார்: "எல்லோரும் ஒரே திசையில் நடக்கவேண்டும் என்பது சட்டமா?"

"இல்லை. மலை நமக்கு வலப்பக்கம் இருக்கவேண்டும்."

"ஓ, பாதுகாப்புக்காகவா?"

அலுத்துப்போய் ஆமாம் என்றேன். எழுதி முடித்தபோது அண்ணாமலையார் 'நிலையான தடுப்பு' ஆகியிருந்தார். உரிமை கம்பெனிக்கு, உள்ளே என் பெயர் ஒரு ஓரத்தில். உரிமம், பேரம் என்று இழுபட்டு, அது எங்கள் ஊர் டவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

போன பௌர்ணமி, இங்கே சாயங்காலம், ஆய்வகத்தில் இருந்தேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலேயே குடியிருக்கும் தங்கை, வீட்டு வைஃபையில் கூப்பிட்டாள். "அண்ணா, அப்பா இன்சுலின் போட்டுக்கினு சாப்பிடாமயே சுத்தக் கெளம்பிட்டாரு. போன் போவவே மாட்டேங்குது. கூட்டம் வேற ஜாஸ்தி."

நானும் அடித்துப் பார்த்தேன். போகவில்லை.

"கூட்டத்துலயும் போன் போவ நீ ஏதோ கண்டுபிடிச்சியே? அத நம்மூருல போடச் சொல்லேன்."

"அது கம்பெனியுதும்மா. பேரு மட்டுந்தான் என்னுது."

"பேரு பெத்த பேரு, தாக நீலு லேது!" என்றாள். பெயர் பெரிசு, குடிக்கத் தண்ணீர் இல்லை. அழுகையிலும் அவளுக்குப் பழமொழி வந்துவிடும். பிறகு அவளே, "எப்படியும் நம்ம வாசலத் தாண்டித்தான் போவணும். நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள்.

போனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். என்னால் வேறென்ன முடியும்? ஒருவழியாக வீடியோவில் அப்பா வந்தார். முகமெல்லாம் வேர்வை, கை நடுக்கம், வாய் நிறைய இட்லி.

"ஏன்டா, உங்க ஊர்ல டவரு நல்லா கெடைக்குதா?"

"கெடைக்குதுப்பா."

"அப்ப சரி." நடுக்கம் நின்றதும் எழுந்தார். "மிச்சத்தச் சுத்திட்டு வந்துடறேன்."

"சொன்னா கேக்குற ஆளா இவரு? நானும் கூடவே போறேன், வையி" என்ற தங்கை, ஒரு கணம் போனைத் தெருப்பக்கம் திருப்பினாள். அப்பாவின் முதுகு கூட்டத்தில் கலந்தது. ஆய்வகத்தின் சில்லிட்ட தரையில், பனிக்காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது கழற்றினேன், தெரியவில்லை.