சின்ன டொக்டர் பார்த்த குதிரை

சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு கொட்டகையில், குதிரையின் முன்னங்காற் புண்ணிலிருந்து சின்ன டொக்டர் இடுக்கியால் எடுத்த மஞ்சள் கட்டி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அரிசியளவில், பவளம்போல் கிளைவிட்டிருந்தது. நான் இருபது வருடம் மாடும் ஆடும் பார்த்த மிருக வைத்தியன். அவர் என் அலுவலகத்துக்கு வந்து அப்போது எட்டு மாதம். பெரிய டொக்டர், சின்ன டொக்டர் என்று சனங்கள்தான் எங்களைப் பிரித்திருந்தார்கள்.

அது பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெண்குதிரை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் ஆசைக்கு வாங்கி, மாரி வெள்ளம் நின்ற வயலில் மேயவிட்டிருந்தார். காலில் வந்த புண்ணைப் பூஞ்சணம் என்று முடிவுசெய்து மூன்று கிழமை மருந்து கொடுத்தேன். புண் பெருத்தது. தினவு தாங்காமல் குதிரை தன் காலையே கடித்தது.

“உது பூஞ்சணம் இல்லை, சேர். அது மாதிரித் தெரியிற, தண்ணியிலை வாழுற வேறையொண்டு. அதாலைதான் மருந்து கேக்கேல்லை,” என்றார் சின்ன டொக்டர், அந்தக் கட்டியை இடுக்கியில் பிடித்தபடி. “குதிரையின்ரை உடம்பும் சும்மா இருக்கேல்லை. பிழையான விதமா எதிர்க்குது. இந்த வீக்கத்திலை பாதி அதின்ரை வேலை. அந்தக் கிருமியிலையிருந்தே ஊசி செய்து போட்டால், உடம்பு சரியான வழிக்குத் திரும்பக்கூடும்.”

குதிரைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் என்னைச் சுட்டது.

கண்டியிலுள்ள ஆய்வுகூடத்துக்கு மாதிரியை அனுப்பும் கடிதத்தில் நான் ஒப்பமிட வேண்டும். வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அதை நான்கு நாட்கள் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள், பழையது கெட்டிருக்கும் என்று அவரே புதிய மாதிரி எடுத்துவந்தார்; ஒப்பமிட்டேன்.

முடிவு வந்தபோது அவர் சொன்னதே சரி. புண்ணை வெட்டியெடுத்து ஊசி போட்டோம். வீக்கம் வற்றியது, தினவு நின்றது. குதிரை பிழைத்தது, ஆனால் கால் நொண்டியது.

“கொஞ்சம் முந்தித் துவங்கியிருந்தால் கால் நேராயிருக்குமோ, டொக்டர்?” என்று குதிரைக்காரர் கேட்டார்.

சின்ன டொக்டர் குதிரையின் கழுத்தைத் தடவியபடி, “சொல்லேலாது, ஐயா,” என்றார். என் பக்கம் திரும்பவேயில்லை.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். அவர் இப்போது விரிவுரையாளர். போன மாதம் அந்தக் குதிரையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை ஒருவர் அனுப்பினார். அந்த நான்கு நாட்களைத் தேடினேன், ஓரிடத்திலும் இல்லை. முதலில் சிகிச்சையளித்தவர் என்று என் பெயருக்கு நன்றி இருந்தது. நான் அவருக்கு எழுதி உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நல்ல மனதும் அவருக்கே வாய்த்துவிட்டதே என்றுதான் அன்று முழுவதும் எரிந்துகொண்டிருந்தேன்.