சத்தமில்லாத தோல்

தோல்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த மனிதர் தொழிலில் ஒரு தோலைக்கூடத் தொட்டதில்லை. தொட்டதெல்லாம் பிளாஸ்டிக். இசைக்கருவிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து டிரம்களுக்கு முகம் மாற்றுவது அவர் வேலை. அடி வாங்குகிற அந்த வட்டத்துக்குத் தொழிலில் இன்னமும் தோல் என்றுதான் பெயர். ஆடும் மாடும் அதிலிருந்து விடுதலையாகிப் பல காலம் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

"என்ன இருந்தாலும் அசல் தோல் மாதிரி வருமா?" என்று எவராவது கடையில் பெருமூச்சு விட்டால் போதும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"அசல் தோலா? அது மாமியார் மாதிரி சார். மழை பெஞ்சா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கும், வெயில் அடிச்சா வெறைச்சுக்கும். மேடை ஏறுற நேரத்துக்கு என்ன மனசுல இருக்கோ, அதுக்குத்தான் தெரியும். இது அப்படியா? இன்னிக்கு வெச்ச சுருதி நாளைக்கும் இருக்கும்."

பாலியெஸ்டர் படலத்தை அலுமினிய வளையத்தில் பிடித்து நிறுத்துவதற்குள் முன்னோடிகள் பட்ட பாட்டை அவர் சுவாரஸ்யமாகச் சொல்வார். முதலில் ஆணி அடித்துப் பார்த்தார்கள், கிழிந்தது. வளையத்தில் செருகிப் பார்த்தார்கள், முறுக்க முறுக்க உருவிக்கொண்டு வந்தது. பிறகுதான் வளையத்துக்குள் பசையை ஊற்றி இறுக வைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது. புதுத் தோலை முதல் தடவை முறுக்கும்போது அந்தப் பசை படக்கென்று முறியும். டிரம் சொந்தக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் தோல்காரர் உடனே சொல்ல மாட்டார். கொஞ்ச நேரம் அந்த முகத்தை ரசித்துவிட்டுத்தான் சொல்வார். அவருக்கு இருந்த பொழுதுபோக்குகளில் அது ஒன்று.

பின்னறைச் சுவர் முழுக்கத் தட்டுத் தட்டாகத் தோல்கள். ஒற்றைப் படலம் கண்ணாடி போலிருக்கும், தட்டினால் நீளமாக ஒலிக்கும். வெள்ளைப் பூச்சுப் பூசியது சொரசொரப்பாக, குரல் கம்மியிருக்கும். இரட்டைப் படலம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இரண்டு படலத்துக்கு நடுவே எண்ணெய் விட்டது அதையும் விடச் சுருக்கம். நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தது முரட்டு அடிக்கு. எல்லாம் ஒரே பாலியெஸ்டர்தான், ஆனால் ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரியா இருக்கின்றன? கடைசித் தட்டில் மெஷ். கொசுவலை போல நெய்தது. குச்சி துள்ளும், சத்தம் மட்டும் வராது. அடுத்த வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக் களைத்தவர்கள் அதைத் தேடி வருவார்கள்.

கடை இப்படி. வீடு வேறு மாதிரி.

அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, கூடத்தில் ஒரு மேஜை. பிள்ளை குட்டி இல்லை. மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. வெளியூர்த் தங்கை அவ்வப்போது போன் செய்வாள். "சாப்ட்டியாண்ணே?" "சாப்ட்டேன்." "என்ன செஞ்சே?" "ஏதோ செஞ்சேன்." அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. பாசம் இல்லாமல் இல்லை, பேச விஷயம் இல்லை. பகல் முழுக்கக் காதால் வேலை செய்கிற மனிதர், பூட்டைத் திறந்து உள்ளே வந்தால் குளிர்சாதனப் பெட்டியின் முனகலைத் தவிர காதுக்கு வேலை கிடையாது.

அப்படியிருக்கையில்தான் மேல்மாடிக்கு ஒரு பெண் குடிவந்தாள். மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாளெல்லாம் அடுத்தவர் ரத்தத்தைக் குழாயில் ஊற்றிக் குலுக்கிவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பியதும் டிரம் அடிப்பாள். முதல் நாள் கூரை அதிர்ந்தபோது தோல்காரர் கரண்டியோடு கூடத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மின் நடுப்பூச்சு தேய்ந்திருக்கிறது, தரையில் நிற்கிற டிரம்மில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. கை மட்டும் நல்ல கை.

ஒரு மாதத்துக்குள் அவருடைய இரவுச் சாப்பாடு சாயங்காலத்துக்கு நகர்ந்துவிட்டது. மேலே அடி விழ ஆரம்பித்ததும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார். மேஜையையும் சுவரோரத்திலிருந்து இழுத்து, சத்தம் நன்றாகக் கேட்கிற இடத்தில் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு யாரு மேல கோவம்?" என்று கூரையைப் பார்த்துக் கேட்பார். மெதுவாக அடித்தால், "ஒடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்பார். படிக்கட்டில் பார்த்தாலோ தலையை ஆட்டிவிட்டுக் கடந்துவிடுவார். அவள் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் தினமும் அவளோடுதான் சாப்பிட்டார்.

இந்தச் சுகம் நோட்டீஸுக்குப் பொறுக்கவில்லை. நோட்டீஸ் என்பது குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குக் குழந்தைகள் வைத்த பெயர். செருப்பை வெளியே விடாதே, துணியை வெளியே உலர்த்தாதே என்று ஒட்டி ஒட்டியே லிஃப்ட்டின் கண்ணாடியை மறைத்த புண்ணியவான். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேல்மாடி டிரம்மைப் பற்றிய புகார்த் தாளும் பேனாவுமாக வந்து நின்றார்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நேர் கீழ இருக்கீங்க, உங்களுக்குத்தான் தொந்தரவு ஜாஸ்தி. மொதல்ல நீங்க போட்டிருக்கணும்."

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே."

"என்ன சார், காது கேக்கலியா?"

"காதுலதான் சார் சோறு சாப்பிடறேன்."

நோட்டீஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவருடைய தொழில் ஞாபகம் வந்து முகம் மலர்ந்தது. "அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்களே மேல போய் அந்தச் சத்தத்தைக் கொறைச்சுக் கொடுங்க. இல்லேன்னா வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிக் காலி பண்ண வைக்கறதைத் தவிர வேற வழியில்லை."

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கூட்டம் போட்டுப் பேசியவர்கள், கடைசியில் பூனையோடு கொஞ்சிக்கொண்டிருந்தவரிடமே மணியைக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் முதல் முறையாக மாடி ஏறினார். அந்தப் பெண் கதவைத் திறந்து, வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு, "ரொம்பச் சத்தமா இருக்கா அங்கிள்? சாரி அங்கிள். இதை விட்டா எனக்கு ஒண்ணும் கிடையாது அங்கிள்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். "எனக்கு இல்லம்மா, மத்தவங்களுக்கு" என்றார் அவர். "பாத்துக்கலாம். தோலை மாத்தினா சரியாப் போகும்."

கடையில் கடைசித் தட்டின் முன்னால் நின்றார். கைநீட்டி எடுத்தால் மெஷ். அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும், சங்கமும் வாயை மூடியிருக்கும். அவருடைய கை பக்கத்துத் தட்டுக்குப் போய் இரட்டைப் படலத்தை எடுத்தது. சத்தம் குறைந்தால் போதாதா, அற்றே போக வேண்டுமா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். அடுத்த நாள் மாட்டிக் கொடுத்தார். ஓசை கட்டையாக, குட்டையாக இறங்கியது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இருக்கவில்லை.

அடுத்து எண்ணெய் விட்ட தோல். அதற்கு மேல் ஓரத்தில் சத்தத்தை அமுக்குகிற வளையம். டிரம் ஈரத் துணியைச் சுருட்டி அடித்த மாதிரி ஒலித்தது. அந்தப் பெண்ணுக்கே முகம் விழுந்துவிட்டது, ஆனாலும் மரியாதைக்காக, "நல்லாருக்கு அங்கிள்" என்றாள். லிஃப்ட்டில் புது நோட்டீஸ் ஏறியது.

அந்த வாரக் கடைசியில் அவளே கீழே இறங்கி வந்தாள். வாசலைத் தாண்டவில்லை.

"மாசக் கடைசிக்குள்ள நிறுத்தலேன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க அங்கிள். வேற தோல் எதுவும் இல்லேன்னா டிரம்மை வித்துடறேன். ஒருத்தர் கேட்டிருக்கார்."

அவருக்குச் சுருக்கென்றது. தன் சாப்பாட்டு நேரத்துக்காக ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்தப் பார்த்திருக்கிறோம் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. வெட்கமாக இருந்தது. "விக்காதம்மா" என்றார். "ஒண்ணு இருக்கு. நாளைக்கு வரேன்."

மறுநாள் ஒவ்வொரு டிரம்மாகக் கழற்றி மெஷ் மாட்டினார். எதிரெதிர்த் திருகுகளைச் சாவியால் மாற்றி மாற்றி முறுக்கினார். வழக்கமாக முறுக்கும்போது தட்டிக் கேட்பார், இதில் கேட்க ஒன்றும் இல்லாததால் விரலால் அழுத்தித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் உட்கார்ந்து அடித்தாள். குச்சிகள் பறந்தன. தலையணையில் பென்சிலால் தட்டுகிற சத்தம் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே அடித்தாள், வேகமாக, பயமில்லாமல். அந்த வீட்டில் அவள் பயமில்லாமல் அடித்தது அன்றைக்குத்தான்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டு தோல்காரர் கீழே இறங்கினார்.

ஆனால் முழுதாகப் போய்விடவில்லை. பெரிய டிரம்மின் பெடலைக் காலால் மிதிக்கும்போது அந்த மிதி தரையில் இறங்கி, தரைக்குக் கீழே இருக்கிற அவர் கூரைக்கு மட்டும் வரும். மெஷ்ஷால் அதைத் தடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். தும், தும் என்று ஒரு மனுஷன் மேலே நடமாடுகிற மாதிரி. குச்சிகள் போய்விட்டன, கால் மிஞ்சியது. அதைக் கேட்டுக்கொண்டே அவர் சாப்பிட்டார். போதும் என்றிருந்தது. நோட்டீஸ் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். கட்டடமே திருப்தியாக இருந்தது.

விட்டிருக்கலாம். ஆனால் நல்லவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அந்தப் பெண் இணையத்தில் தேடிப் படித்து, பெடல் மிதி கீழ்வீட்டுக்குப் போகும் என்று கண்டுபிடித்துவிட்டாள். பதறியடித்து ஓடிவந்தாள்.

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லாமப் பொறுத்துக்கிட்டிருக்கீங்களே அங்கிள்! எனக்கு எவ்ளோ கஷ்டமா இருக்கு தெரியுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"சும்மா சொல்லாதீங்க. ரெண்டு பலகைக்கு நடுவுல டென்னிஸ் பந்து வெச்சு ஒரு மேடை பண்ணணுமாம். பலகை, பந்து எல்லாம் வாங்கிட்டேன். நீங்கதான் செஞ்சு கொடுக்கணும்."

அவர் செய்துகொடுத்தார். ஒரு பந்தைச் சற்று ஒதுக்கி வைத்திருந்தாலும் மிதி கசிந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஒருமுறை தோலில் செய்த ஏமாற்று வேலையே போதும் என்று ஒழுங்காகக் குழி வெட்டி, பந்துகளைச் சமமாகப் பதித்து, டிரம்களையும் பெடலையும் தூக்கி மேலே வைத்தார்.

அன்று சாயங்காலம் அவர் சோற்றைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். போன் அடித்தது. மேல்மாடிப் பெண்தான்.

"இப்போ மிதிக்கறேன் அங்கிள். கேக்குதா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. கூரை வெறும் கூரையாக இருந்தது.

"கேக்குதா அங்கிள்?"

"கேக்குதும்மா," என்றார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"அப்படியா! இருங்க, நானே கீழ வந்து கேக்கறேன். ஊர்லேர்ந்து அக்கா வந்திருக்கா. அவளை மிதிக்கச் சொல்லிட்டு வரேன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது படியிறங்குகிற நேரம்கூடத் தாங்கவில்லை. அவள் உள்ளே வந்து கூடத்தின் நடுவில் நின்று காதைத் தீட்டினாள். போனை எடுத்து, "அக்கா, நல்லா பலமா மிதி, நிறுத்தாதே" என்றாள். "மிதிச்சுக்கிட்டுதான்டி இருக்கேன், காலே கழண்டுடும் போலிருக்கு" என்று பதில் வந்தது. கீழே ஒரு சின்ன அதிர்வுகூட இல்லை.

"ஒண்ணுமே கேக்கலியே அங்கிள்?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சுவரோரத்தில் இல்லாமல் கூடத்து நடுவில், நேராக அவள் டிரம்முக்குக் கீழே கிடந்த மேஜையைப் பார்த்தாள். ஒரு தட்டு. ஆறிப்போன சோறு. ஒரு நாற்காலி.

மறைக்க அவருக்கு இடம் இல்லை. "கேக்கலம்மா," என்றார். "கேட்டுக்கிட்டே சாப்பிட்டுப் பழகிட்டேன். இப்போ சோறு எறங்க மாட்டேங்குது."

சொன்னதும் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் இப்படியா என்று தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் சமையலறைக்குள் போய் ஒரு முக்காலியை எடுத்து வந்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். மேலே அக்கா மிதித்துக்கொண்டே இருந்தாள், அவளை நிறுத்தச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.